தெளிவாகத் தெரிந்தால் பொய்

முதலில் வந்தவர்கள் குள்ளர்கள். காலையில் இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு சாண் உயரம் இருந்தால் ஜாஸ்தி. எல்லோருக்கும் சிவப்புத் தலைப்பாகை, தலைப்பாகையில் ஜரிகை, காலில் செருப்பு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப்போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்கு எப்போதும் பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிடும். துடைத்துவைத்த மேடைமேல் செருப்புக் காலோடு நிற்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. கையிலிருந்த கரண்டியை ஓங்கி ஒரு போடு போட்டேன். கரண்டி அவர்களுக்குள் புகுந்து மிக்ஸி ஜாரில் பட்டு, ஜார் கீழே விழுந்து உருண்டது. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"இன்னா சத்தம்?" என்று முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"எலி" என்றேன்.

அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் எலிக்குத்தான் கெட்ட பெயர்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே நாங்கள் இருவர். மாடியில் இரண்டு அறை, ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்கு விடுவோம். அவர்களுக்குக் காலையும் மதியமும் சமைத்துப்போடுவது என் வேலை. வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகன் ஓசூரில் இருக்கிறான். மொட்டை மாடிக்கு ஏறினால் மலை முழுசாக எதிரில் நிற்கும்.

குள்ளர்கள் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே என் கண் மங்க ஆரம்பித்திருந்தது. பார்வையின் நடுவில் ஒரு அழுக்கு. பேப்பர் படித்தால் ஒவ்வொரு வரியிலும் நடுவில் இரண்டெழுத்தை யாரோ தின்றிருப்பார்கள். எதிரில் நிற்கிறவர்களின் காது தெரியும், மூக்கு தெரியாது. புரைதான், தீபாவளி கழித்துப் பார்க்கலாம், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கண்தானே, எங்கே ஓடிப்போகும் என்ற மெத்தனம். அப்படி ஒரு வருஷமாக ஊசியில் நூல் கோக்க முடியாத எனக்கு, தலைப்பாகை ஜரிகையில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். மாடிப்படியில் பச்சைப் பாவாடை கட்டின ஒரு பெண் குழந்தை, எட்டு வயசிருக்கும், தலையில் டிசம்பர் பூ. அது பேசாது, சிரிக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். குளியலறைச் சுவர் முழுக்க யாரோ கம்பிக் கோலம் போட்டுவைத்திருப்பார்கள். ஒருநாள் பங்குனி வெயிலில் துணி காயப்போட மாடிக்குப் போனால், மலை உச்சியில் தீபம் எரிகிறது. கார்த்திகைக்கு ஏற்றுகிற தீபம் பட்டப்பகலில், பங்குனியில். கொப்பரையின் விளிம்பு தெரிந்தது, தீயின் நாக்குகள் பிரிந்து பிரிந்து ஆடுவது தெரிந்தது. ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவள் மலைப்பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்த்தேன். நாற்காலியில் உட்காரும் முன் கையால் தடவினேன். வாசலில் யாராவது நின்றால் உடனே "வாங்க" என்று சொல்வதில்லை. செருப்புச் சத்தமோ தொண்டைச் செருமலோ கேட்கிறதா என்று காத்திருப்பேன். வருகிறவர்கள் என்னை மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்கப் பயம். அதனால் சுற்றி வளைத்துக் கேட்பேன். "படியில எதையாச்சும் வெச்சிருக்கீங்களா, தடுக்கப்போவுது" என்பேன். "ஒண்ணுமில்லியே" என்று அவர் சொன்னால் அந்தப் பெண் இல்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கேள்வி. நடுராத்திரி முழிப்பு வந்தால் கண்ணைத் திறக்கவே மாட்டேன்.

இந்தக் குழப்பத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்தது குரங்கால்தான். எங்கள் பக்கம் குரங்குக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் மசால் வடை சுட்டு வடிதட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. ஓகோ, இன்றைக்குக் குரங்கு வேஷமா என்று நினைத்துக்கொண்டேன். அது உள்ளே இறங்கி வந்தது. வரட்டும் என்று அடுத்த வடையைத் தட்டினேன். மேடைமேல் ஏறி என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. போடா, உன்னைப்போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வடிதட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வடை போன துக்கத்திலும் மண்டைக்குள் ஒன்று உறைத்தது. அந்தக் குரங்கு மங்கலாக இருந்தது. நடுவில் அழுக்கு, ஓரத்தில் வாலும் காலும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் தெரிகிறார், இட்லியும் அப்படித்தான் தெரிகிறது. குள்ளர்களும் பச்சைப் பாவாடையும் பங்குனி தீபமும்தான் கண்ணாடியைத் துடைத்து வைத்ததுபோலத் தெரிந்தார்கள். அப்படியானால் எனக்குத் தெளிவாகத் தெரிந்தால் அது பொய், மங்கலாகத் தெரிந்தால் நிஜம். ஊர் உலகத்துக்கு நேர் எதிர் கணக்கு. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், என் பெரியம்மா. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். பெரியம்மாவுக்கு வயசான காலத்தில் வீட்டில் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளையில் இரண்டு தட்டு கூடுதலாக வைப்பாள். "அவங்க வந்து எவ்ளோ நேரம் ஆச்சு, தண்ணி குடுக்க ஆளில்ல" என்று மருமகளைத் திட்டுவாள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பேயோட்டுகிறவரைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடித்தார்கள். கடைசியில் அறுவடையான மல்லாட்டையை மூட்டையாகப் போட்டுவைக்கிற அறையில் அவளை விட்டு வெளியே கொண்டி போட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் யாரிடமோ மரியாதையாகப் பேசுவது கேட்கும், "உக்காருங்க, உக்காருங்க" என்று. அந்தக் குரல் இப்போது என் தொண்டையிலிருந்து வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் நடுங்கினேன்.

அந்த வருஷம் மாடியில் தங்கியிருந்தவர் சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். அவரை நாங்கள் மாடி சார் என்போம். நல்ல மனுஷர். ஆனால் தட்டில் தோசை விழுந்ததும் அவருக்கு ஞானம் பொத்துக்கொண்டு வரும்.

"இந்த உலகமே தோற்றம்தாம்மா. கயித்தப் பாத்துப் பாம்புன்னு பயப்படறோம். பாம்பு எங்க இருக்கு? நம்ம மனசுல இருக்கு" என்பார்.

"எங்க சந்துல நெஜப் பாம்பே வரும் சார். கயிறுன்னு நெனச்சுக் கைய வெச்சா யாரு பதில் சொல்றது?" என்பேன்.

"தோசையும் தோற்றம்தான்."

"அப்ப ரெண்டாவது தடவ சட்னி கேக்கறது யாரு?"

சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஏமாந்துதான் ஒருநாள் வாயை விட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலை. என் சொந்தத்தில் ஒருத்தி, அவளுக்கு மலைமேல் பகலில் தீபம் தெரிகிறதாம், இல்லாத ஆட்கள் தெரிகிறார்களாம், எதனால் சார் அப்படி என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார். என்னையே பார்த்தார். எழுந்து நின்று, எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"சொந்தக்காரங்க இல்ல, நீங்கதான். சித்தர்கள்மா அவங்க. யாருக்குக் கெடைக்கும் இந்தக் கொடுப்பினை?"

நான் பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது. இந்த ஊரில் ஒருத்திக்கு இல்லாதது தெரிந்தால் இரண்டே வழி. ஒன்று பேய், இல்லையென்றால் சாமி. பெரியம்மாவுக்கு அது, எனக்கு இது.

மாடி சார் யாரிடம் சொன்னாரோ, இரண்டு நாளில் வாசலில் வாழைப்பழச் சீப்பும் செவ்வந்திப் பூவும் இருந்தன. கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள். ஒருத்தி உரிமையோடு உள்ளே வந்து, "நாக்குல வர்றத ஒரு வார்த்த சொல்லுங்கம்மா" என்றாள்.

"நாக்குல வர்றதச் சொன்னா நீ தாங்க மாட்டே. போ" என்றேன்.

அவள் போகவில்லை. திட்டினாலே பலிக்கும் என்று நினைத்துக் கையைக் கூப்பினாள். இன்னொருத்தி அழுதாள். அவள் மகன் வீட்டை விட்டுப் போய் வெகுநாளாகிறதாம், உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் சொல்லச் சொன்னாள். அவள் முகம் எனக்கு ஒரு மங்கல். அவளுக்குப் பக்கத்தில் பச்சைப் பாவாடைப் பெண் நின்றிருந்தாள், டிசம்பர் பூவின் நரம்பு தெரியும் அளவுக்குத் தெளிவாக. நான் என்ன சொன்னாலும் அந்த அம்மாள் நம்பியிருப்பாள். இருக்கிறான் என்றால் சிரித்துக்கொண்டு போயிருப்பாள். "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பழச் சீப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எலி வாழைப்பழமும் கொண்டாந்து தருதா?" என்றார்.

இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் கொட்டினேன், குள்ளர்களிலிருந்து பெரியம்மா வரைக்கும். அழுகையும் கோபமுமாக வந்தது. நான் முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும் இது" என்றார். "ராத்திரி ட்ரிப்புல விடிகாலைல கண்ணு எரியும் பாரு, அப்ப ரோட்டு நடுவுல ஆளு நிக்கும். கையக் காட்டும். சில நாள் மாடு. பிரேக்க மிதிச்சா உள்ள இருக்கறவங்க மண்ட உடையும். மிதிக்காம விட்டு அது நெஜமா இருந்தா?"

"அப்ப நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"கண்டக்டர் கிட்ட கேப்பேன். 'ஆளா?'ம்பேன். அவ்ளோதான். அவரு முன்னாடி வந்து பாத்துட்டு 'ஆளு'ம்பாரு, இல்லன்னா 'இல்ல'ம்பாரு. எந்தக் கண்டக்டரும் இதுக்குச் சிரிச்சதில்ல. டிப்போல போய்ச் சொன்னதும் இல்ல."

இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அங்கே சொட்டுமருந்து விட்டு, கண்ணுக்குள் படமெடுத்து, கடைசியில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். இளவயசுப் பெண். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இனி கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றாள். அப்புறம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில், "இல்லாத ஆளுங்க, பூ, கோலம் ஏதாச்சும் தெரியுதாம்மா?" என்று கேட்டாள்.

பக்கத்திலிருந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நெறைய பேருக்குத் தெரியும்மா. பயந்துக்கிட்டு சொல்ல மாட்டாங்க. கண்ணுலேர்ந்து படம் வர்றது கம்மியாயிடுச்சு. மூளை சும்மா இருக்காது, அதுவா ஒண்ணு வரைஞ்சு வெச்சுக்கும். உங்க மனசுக்கு ஒரு கோளாறும் இல்ல."

"பைத்தியம் இல்லியா?"

"இல்லம்மா."

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் எனக்கு இரண்டு வித்தை சொல்லிக்கொடுத்தாள். ஏதாவது தெரிந்தால் கண்ணை வேகமாக இடமும் வலமும் ஓட்டினால் சில சமயம் கலைந்துவிடும். உண்மையில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நேராகப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும், ஓரக்கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெரியம்மாவின் ஞாபகமாகவே இருந்தது. கடைசி காலத்தில் அவளால் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. குரலைக் கேட்டுத்தான் எங்களை அடையாளம் சொல்வாள். எல்லோருக்கும் அது தெரியும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற எங்கள் சனத்தில், அவள் கண்ணுக்கும் அவள் பார்த்த ஆட்களுக்கும் முடிச்சுப் போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வேப்பிலை அடி வாங்கி, கொண்டிக்குப் பின்னாலேயே செத்தாள். பக்கத்து சீட்டில் வீட்டுக்காரர், வழக்கம்போல, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் சுற்றி வளைப்பதை விட்டுவிட்டு நேராகவே கேட்க ஆரம்பித்தேன். "ஆளா?" என்பேன். "இல்ல" என்பார். "மாடா?" "ஆமா, கேட்டுகிட்ட நிக்குது." ஒரு மாசம் நிம்மதியாக இருந்தேன் என்றே சொல்லலாம். அப்புறம் மெல்ல மெல்ல அவருடைய "இல்ல" குறைய ஆரம்பித்தது. பிறை அழகாக இருக்கிறது என்றால் "ஆமா" என்பார். எதிர்ச் சுவரில் முல்லை பூத்திருக்கிறதே என்றால் "ஆமாமா" என்பார். அந்த "ஆமாமா"வில் ஒரு வெல்லம் கலந்திருந்தது. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரல்.

ஒருநாள் மத்தியானம், கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சைப் பாவாடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாவாடை மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே கேட்டேன்.

"அந்தப் பாவாட கட்டின பொண்ணு யாருங்க?"

அவர் நாற்காலிப் பக்கம் பார்த்தார். "எதிர் வூட்டுப் பொண்ணு போலருக்கு" என்றார்.

எதிர் வீட்டில் பெண் குழந்தையே கிடையாது.

எனக்குக் கண் முழுசாகப் போயிருந்தால்கூட அப்படி இருட்டியிருக்காது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பிறை இருந்ததா? முல்லை? நேற்று மாடியிலிருந்து இறங்கும்போது "படி காலியாதான் இருக்கு, வா" என்றாரே, அது? எத்தனை நாளாக இப்படி? எது நிஜம், எது எனக்காகச் செய்து வைத்த நிஜம்?

"எப்பலேர்ந்து?" என்றேன்.

அவர் ஒளிக்கவில்லை. மகன் போனில் சொன்னானாம். ஏதோ வீடியோவில் பார்த்தானாம், இப்படிப்பட்டவர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது, அவர்கள் சொல்வதற்கெல்லாம் ஒத்துப்போனால் அமைதியாக இருப்பார்கள் என்று. "நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான்" என்றார்.

"மனசு கஷ்டப்பட்டா ஒரு மூலைல உக்காந்து அழுதுக்கறேன். எதுல கால வெக்கறதுன்னு தெரியலன்னா நான் இன்னா பண்றது? உங்க கண்டக்டரு இப்படி ஆமாம் போட்டிருந்தா பஸ்ஸு எங்க போயிருக்கும்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் அந்தப் பெண்ணோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளாவது எனக்கு எதற்கும் ஆமாம் போடவில்லை.

அதன் பிறகு அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் தானாக "இல்ல" என்றாலும் அந்த இல்லையை நான் நம்பவில்லை. ஒரு பொய் புகுந்த வாயில் நிஜமும் சேர்ந்து நாறிவிடுகிறது. மறுபடியும் நாற்காலியைத் தடவ ஆரம்பித்தேன், மறுபடியும் வாசலில் செருமலுக்குக் காத்திருந்தேன். முன்பு தனியாகப் பயந்தேன், இப்போது ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன்.  சாப்பிட வாங்க, மாத்திரை போடு, இவ்வளவுதான் பேச்சு. இப்படியே கார்த்திகை வந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கு. அதற்கு முன்னால் யாரும் குச்சி கிழிக்க மாட்டார்கள். நேரம் பார்த்து ஏற்றுவதில்லை, தீபத்தைக் கண்ணால் பார்த்து ஏற்றுவது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து பிடிவாதமாகத் தூறல். மாடிச் சுவர்மேல் அகல்களை அடுக்கி, எண்ணெய் விட்டு, திரி போட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்து வைத்திருந்தேன். தீப்பெட்டியை மடியில் செருகியிருந்தேன். வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மாடி சாரும் வந்து நின்றார், கைகளைக் கூப்பியபடி. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல். கீழே டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆறு மணி. வேட்டுச் சத்தம் கேட்டது. ரோட்டிலிருந்து அரோகரா என்று ஒரே முழக்கம். டிவியிலும் அதே முழக்கம். "ஆஹா, தெரியுது, தெரியுது" என்று மாடி சார் தழுதழுத்தார். பக்கத்து மாடிகளில் வரிசையாக விளக்குகள் மஞ்சளாகக் கரைந்து தெரிய ஆரம்பித்தன.

எனக்கும் தெரிந்தது. நேர் எதிரில், கொப்பரை விளிம்போடு, நாக்கு நாக்காக, பங்குனியில் பார்த்த அதே தீபம். அவ்வளவு அழகு. அவ்வளவு தெளிவு. தெளிவாகத் தெரிந்தால் பொய் என்பது என் கணக்கு. ஆனால் இன்றைக்கு ஊரே அங்கே தீபம் என்கிறதே? வேட்டும் டிவியும் சாரும் பொய்யா? ஒருவேளை இந்த ஒரு நாள் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டதோ என்று மனசு கெஞ்சியது. தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இத்தனை நாள் கேட்காதவள் கேட்டேன்.

"தெரியுதாங்க?"

அவர் குடையைச் சாய்த்து மலையைப் பார்த்தார்.  உலகத்திலேயே சுலபமான ஆமாம் அது. சொல்லிவிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, நல்ல நாள், எனக்கும் சந்தோஷம். அந்த ஆமாம் வந்துவிட்டால் இனி இவரிடம் ஆயுசுக்கும் எதையும் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றார். "மேகம் மூடியிருக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல."

"என்ன சார் நீங்க, ஏத்திட்டாங்களே, டிவில காட்டறானே" என்றார் மாடி சார்.

"ஏத்திட்டாங்க சார். ஏத்தலன்னு யாரு சொன்னது? இங்கேர்ந்து எனக்குத் தெரியல, அவ்ளோதான்."

மாடி சார் மலையை ஒருதரம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். எல்லா மாடியிலும் விளக்கு எரிந்தது. எங்கள் மாடி மட்டும் இருட்டு. குடையையும் மீறித் தூறல் முகத்தில் அடித்தது. நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அத்தனை மாதமாக நிலைகொள்ளாமல் அலைந்த எனக்கு அந்த ஒரு "இல்ல"யில் காலுக்குக் கீழே தரை வந்திருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

"இப்ப" என்றார் திடீரென்று. "வெலகுது. நேராப் பாக்காத. உச்சிக்குக் கொஞ்சம் எடப்பக்கமாப் பாரு."

கண்ணை இடப்பக்கம் நகர்த்தினேன். அந்த அழகான தீபமும் என்னோடு இடப்பக்கம் நகர்ந்து வந்தது. மலை உச்சி நகருமா? அது என்னுடையது, எரியட்டும் என்று விட்டுவிட்டு ஓரக்கண்ணில் தேடினேன். அங்கே ஏதோ இருந்தது. துணியில் மஞ்சள் பட்டதுபோல ஒரு கறை. விளிம்பு கிடையாது, நாக்கு கிடையாது. நடுங்கிக்கொண்டிருந்தது, ஒரு முறை மறைந்து மறுபடி வந்தது.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துடுச்சு."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முறத்தை விலக்கினேன். குச்சியைக் கிழித்து, விரலால் தடவி, முதல் அகலின் திரியில் வைத்தேன். சுடர் எழும்பியது, அழகாக, நேராக.

"பத்திக்கிச்சா?"

"இல்ல" என்றார். "திரி நனைஞ்சிருக்குது. இன்னொரு குச்சி கிழி."

கிழித்தேன்.